மடிக்காத தாள்

"ஹலோ... ஆமா சார், நான்தான்... ஆமா, ஆமா, பெரிய டீச்சர் ரூம்ல இருந்துதான் பேசறேன்... சார், ஒண்ணு கேக்கணும். நீங்க வந்து என் பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் எடுக்கணும்... இல்ல சார், லைன்ல கோளாறு ஒண்ணும் இல்ல, சரியாத்தான் கேட்டீங்க. நீங்க எடுக்கணும். என் கிளாஸ்ல. நாங்க கடைசி பெஞ்சில உக்காந்து பாக்கறோம்."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை, பெரிய டீச்சர், இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

சற்று முன்புதான் அவர் தன் விரலாலேயே எண்களை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரைச் சின்ன டீச்சரின் கையில் திணித்திருந்தார். எண்ணை அவளிடம் கொடுத்து நீயே பேசு என்று விட்டால் பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை தாயே, மன்னிச்சிடுங்க சார்னு சொல்லிட்டு வச்சிடு என்று கெஞ்சியிருந்தார். வேறு எதை வேண்டுமானாலும் பேசு, அந்த ஒன்றை மட்டும் கேட்காதே என்றும் சொல்லியிருந்தார். பாடம் எடுத்துக் காட்டச் சொல்லிப் பயிற்சி கொடுப்பவரிடம் கேட்பது, தைத்த துணியைத் தையல்காரரையே போட்டுக் காட்டச் சொல்வது மாதிரி அவருக்கு. சின்ன டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலைப் பயிற்சி மையத்தில்தான் கற்றுக்கொண்டாள். அங்கே போகிற எல்லாருக்கும் முதலில் வருவது அதுதான்.

மறுமுனையில் இருந்தவர் அந்த மையத்தின் பொறுப்பாளர். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் எல்லாரும் பருவத்துக்கு ஒருமுறை அவர் முன்னால் போய் உட்கார்ந்தாக வேண்டும். அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மடிப்பு சார். பின்னமா, காகிதத்தை மடி. இலையின் பாகங்களா, மடி. மாணவர் ஒழுக்கமா, அதற்கும் ஒரு மடிப்பு வைத்திருந்தார். தாளை மடிக்காமல் அவருக்கு வணக்கம் சொல்லக்கூட வராது என்று பின்வரிசையில் பேசிக்கொள்வார்கள்.

"சார்... கோவப்படாதீங்க சார்... ஆமா, முந்தாநாள் ஹால்லயும் இதத்தான் கேட்டேன்... மரியாதையாத்தான் கேட்டேன். கையத் தூக்கி, எழுந்து நின்னு, சார்னு ஆரம்பிச்சுதான் கேட்டேன்... சிரிச்சது நான் இல்ல. பின்வரிசை... கைதட்டினதும் நான் இல்ல சார். யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்."

முந்தாநாள் நடந்தது இதுதான். நீளமான ஹால். மின்விசிறிகள் சுற்றுகிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. மேடையில் ஒரு கரும்பலகை, அதன் முன்னால் அரைவட்டமாகச் சிறு நாற்காலிகள், அவற்றில் மையத்தின் வளாகத்திலேயே இருக்கிற பள்ளியிலிருந்து கூட்டி வந்த பிள்ளைகள். முகம் கழுவி, தலை சீவி, கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாதிரி வகுப்பு என்றால் இந்தப் பிள்ளைகள்தான். எந்த ஊர் ஆசிரியர் வந்தாலும் இவர்கள்தான். சார் கேட்டார்: ஒரு ரொட்டியை மூன்றாகப் பிரித்தால் கிடைக்கிற ஒரு பங்கு பெரியதா, நான்காகப் பிரித்தால் கிடைக்கிற ஒரு பங்கு பெரியதா? முதல் நாற்காலியில் இருந்த ஒரு குட்டிப்பெண், பாவம், எழுந்து நின்று மூன்றில் ஒன்றுதான் பெரியது என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

சாரின் முகம் செத்துப்போனது. நன்றாக யோசித்துச் சொல் என்றார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். இன்னும் நன்றாக யோசி என்றார். குழந்தையின் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் முறை, நான்கில் ஒன்று சார் என்று முனகினாள். சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஏன் என்று கேட்டார். ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கு மூன்றைவிடப் பெரியது, அதனால்தானே என்று அவரே எடுத்துக் கொடுத்துவிட்டு, சபையைப் பார்த்து, பிள்ளைகள் செய்கிற தவறு இதுதான், இதை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்று பாருங்கள் என்றார். வண்ணத் தாள் பட்டைகள் வெளியே வந்தன. நூற்றுக்கணக்கான பேனாக்கள் குனிந்தன.

சின்ன டீச்சர் எழுந்தது அப்போதுதான்.

"அந்தப் பிள்ள சரியாத்தானே சார் சொன்னா... இல்ல, அவ பதட்டத்துல சொல்லல. சரியா சொன்னா. சரியா சொன்ன பிள்ளய அழ வச்சு தப்பா சொல்ல வச்சீங்க... சார், நான் வாய்க்கு வந்தத பேசல. அங்க இருந்த எல்லாரும் பாத்தாங்க. பாத்துட்டு எழுதிக்கிட்டாங்க. நானும் போன தடவ எழுதிக்கிட்டேன்... ஆமா சார். போன தடவ எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு. பொய் சொல்லல."

பெரிய டீச்சர் மேசையைச் சுற்றி வந்து அறைக்கதவைச் சாத்தினார். வெளியே வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துப் போகிற சத்தம் நின்றது. போகிற ஆள் கேட்பதற்காக நின்றிருக்க வேண்டும்.

"இல்ல சார், நீங்க ஏமாத்தறீங்கன்னு நான் சொல்லல... சொல்லவே இல்ல. கேளுங்க. போன தடவ முதல் நாற்காலியில உக்காந்திருந்தாளே ஒரு பொண்ணு, கன்னத்துல விரல வச்சுக்கிட்டு யோசிப்பாளே... ஆங், அவதான். உங்க நட்சத்திரம். அவ இப்ப என் கிளாஸ்ல இருக்கா... தெரியுமா? சரி. தெரியும்னு எனக்கும் தெரியும். அதுக்குத்தானே பெரிய டீச்சருக்கு மூணு நாளா ஃபோன் வருது."

அந்தப் பெண்ணின் குடும்பம் வீடு மாறி இந்தப் பக்கம் வந்திருந்தது. பருவம் தொடங்கிய முதல் நாளே சின்ன டீச்சருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. வகுப்புப் பிள்ளைகளுக்கும் சீக்கிரத்தில் தெரிந்துவிட்டது. மேடைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேள்வி கேட்டால் மற்ற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தமாட்டாள். எழுந்து, இரண்டு அடி முன்னால் வந்து, கன்னத்தில் விரலை வைத்து, கூரையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

பின்னம் வந்தது. ரொட்டிக் கேள்வியைச் சின்ன டீச்சரும் கேட்டாள். மேடைக்காரி முன்னால் வந்து, நான்கில் ஒன்றுதான் டீச்சர் பெரியது, ஏனென்றால் நான்கு மூன்றைவிடப் பெரியது என்று கணீரென்று சொன்னாள். சின்ன டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பயிற்சியில் பார்த்தது அப்படியே வருகிறது. தாளை மடித்தாள். மேடைக்காரி கண்களை அகல விரித்து, ஓ, இப்பப் புரியுது டீச்சர் என்றாள். அன்று வீட்டுக்குப் போகும்போது, தான் ஒரு டீச்சர்தான் என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டாள். மேடைக்காரி முன்னால் வந்தாள், விரலை வைத்தாள், நான்கில் ஒன்று என்றாள். அதற்கடுத்த நாளும் அதேதான்.

"கூப்பிட்டுத் தனியா கேட்டேன் சார். ஏன் கண்ணு, நேத்துப் புரிஞ்சுதுன்னு சொன்னியேன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா... கேளுங்க. 'அந்த இடத்துல நான் தப்பாத்தானே டீச்சர் சொல்லணும், அது என் வேல'ங்கறா... இல்ல, சிரிக்கிற விஷயம் இல்ல சார். சரி, வேலய விடு, நிஜமா எது பெருசுன்னு கேட்டேன். அவ என் மூஞ்சியப் பாத்தா. எதச் சொன்னா எனக்குப் பிடிக்கும்னு பாக்கறா... பாத்துக்கிட்டே நின்னா. அவளுக்குத் தெரியல சார். உங்ககிட்ட எத்தன தடவ அந்தப் பாடத்தப் படிச்சிருப்பா? எனக்கு எண்ணிக்க தெரியாது, உங்களுக்கே தெரியாது. அவ்வளவு தடவ இப்பப் புரியுதுன்னு சொன்ன பிள்ளைக்கு இன்னும் தெரியல."

சின்ன டீச்சர் ரிசீவரை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள். வலது காது சூடேறிப்போயிருந்தது.

"முதல் தடவ அவ நிஜமாவே தப்பா சொல்லியிருப்பா சார். நீங்க சொல்லிக் குடுத்திருக்க மாட்டீங்க, எனக்கு அது தெரியும். அந்தத் தப்பு அழகா இருந்துச்சு, உங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. அடுத்த தடவயும் அவளயே எழுப்புனீங்க. அவ்வளவுதான். அதுக்கப்பறம் அவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு யாரும் கேக்கல. நாங்களும் கேக்கல... ஆமா, நாங்களும்தான். எங்கள ஏன் விடணும். நீங்க புரிஞ்சுதான்னு கேப்பீங்க, நாங்க ஹால் முழுக்க புரிஞ்சுதும்போம். நானும் மேடைக்காரிதான் சார். வயசுதான் கொஞ்சம் கூட."

பெரிய டீச்சர் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. அவரும் எத்தனையோ வருடம் அந்த ஹாலில் உட்கார்ந்து தலையாட்டியவர்தான். ஆனால் அது ஓடி மறைந்துவிட்டது. மறுபடியும் கையைக் கூப்பி, போதும் என்று சைகை காட்டினார்.

சின்ன டீச்சர் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, "இருங்கம்மா, அவரே இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்காரு" என்றாள். பிறகு கையை எடுத்தாள்.

"சொல்லுங்க சார்... ம்... ம்... உங்க முறைல தப்பில்லங்கறீங்க. சரியா செஞ்சா வரும்... ஆமா... ஆமா... சார், ஒரு நிமிஷம். நீங்க குடுக்கிற தாளு மடிச்ச தாளு சார்... அதான், ஏற்கெனவே மடிச்சது. மடிச்சு, அழுத்தி, திரும்ப நீவி வச்ச தாளு. உங்களுக்குத் தெரியாதா? உங்க ஆளுங்க முந்தின நாள் உக்காந்து ஸ்கேலால நீவி வைக்கறாங்களே... நிஜமாவே தெரியாதா?"

அவள் குரல் ஒரு படி இறங்கியது. அவருக்குத் தெரியாது என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தது அவளும் இல்லை. பக்கத்துப் பள்ளிக் கணக்கு ஆசிரியர், எல்லாரும் நெட்டை சார் என்று கூப்பிடுகிறவர், போன பயிற்சியில் கொடுத்த பட்டை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, மடிக்காத பட்டையிலேயே மூன்று பாகத்துக்கான கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. விரல் வைத்தால் தானாகவே மடியும். மேடைப் பிள்ளைகளுக்கு அது எத்தனை சுலபமாக வந்தது என்பதன் கதை அவ்வளவுதான்.

"புதுத் தாள மூணா மடிச்சுப் பாருங்க சார். நாலா மடிக்கறது பெரிய வித்த இல்ல. பாதி, அதுல பாதி, முடிஞ்சுது. மூணா மடிக்கணும்னா பெரியவங்களுக்கே கை கோணும். என் பிள்ளைங்க மடிச்சா ஒரு பங்கு கட்டவிரல் அளவுதான் வரும். அத எடுத்து நாலில ஒரு பங்கோட வச்சுப் பாத்தா, நாலில ஒண்ணுதான் பெருசா இருக்கு. பிள்ள சரியாத்தான பாத்திருக்கு? கண்ணுக்கு முன்னால இருக்கிறத நம்பறதா, டீச்சர நம்பறதா?... முன்னால நிக்கற எனக்கு இது தெரியல சார். பின்னாடி உக்காந்திருந்த நெட்ட சாருக்குத்தான் தெரிஞ்சுது. பஸ் அக்கா அவருக்குப் பக்கத்துல... ஆமா, ரெண்டு பள்ளிக்கூடம் தள்ளி இருக்காங்களே, எப்பவும் ஓடி வந்து கடைசி பஸ்ஸப் பிடிப்பாங்களே, அவங்கதான். நாங்க மூணு பேரும் இப்படிப் போயிட்டு வந்துட்டு இருக்கோம். ஒருத்தர் எடுத்தா ரெண்டு பேர் பின்னாடி."

அவர்களுடைய ஏற்பாட்டில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஓய்வுப் பாடவேளை கிடைத்தால் ஒருவர் பள்ளிக்கு மற்ற இருவரும் போவார்கள். பிள்ளைகளோடு பிள்ளையாகப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, டீச்சரைப் பார்க்காமல் பிள்ளைகளின் கைகளைப் பார்ப்பார்கள். வகுப்பு முடிந்து தெருவில் நடக்கும்போது ஒருவரையொருவர் வறுத்தெடுப்பார்கள். முதல் தடவை நெட்டை சார் தன் வகுப்பைப் பற்றி இவள் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் இவளோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து, கடைசி பெஞ்சில் ஒருத்தன் பாடவேளை முழுக்கச் செருப்பின் வாரைக் கோத்துக்கொண்டிருந்தான் என்றாயே, எந்தப் பையன் என்று கேட்டார்.

"யாரக் கேட்டு செஞ்சோம்னா... யாரையும் கேக்கல சார்... இல்ல, இதுக்கு உத்தரவெல்லாம் இல்ல... பேரும் வைக்கல. வச்சா நீங்க அதுக்கும் ஒரு பயிற்சி வைப்பீங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன உடனே தெரிந்தது. மறுமுனையின் குரல் இப்போது ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"...தெரியும் சார்... ஆமா. தெரியும்... இன்னைக்கு மத்தியானத்தோட பயிற்சி முடியுது, முடிச்சேன்னு நீங்க கையெழுத்துப் போடலன்னா என் வேல நிரந்தரம் ஆகாது. வெளில நிக்கணும். தெரிஞ்சுதான் பேசறேன்... எங்க வீட்டுல முதல்ல காலேஜ் வாசல மிதிச்சவ நான், அதுவும் தெரியும், அத நீங்க ஞாபகப்படுத்த வேண்டாம். காலைல கிளம்பும்போது எங்கம்மா ஞாபகப்படுத்திட்டாங்க."

அம்மா ஒரு துணித் தொழிற்கூடத்தில் பொத்தான் வைக்கிறவர். சட்டையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரியே மகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா என்று. காலையில் வாசல்வரை வந்து சொன்னது ஒன்றுதான். வேலை உறுதியாகட்டும், அதுவரை வாயைத் தைத்துக்கொள், அப்புறம் ஊரையே எதிர்த்துப் பேசு, நானும் கூட வருகிறேன். அம்மா சொன்னதில் அவளுக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வேலை உறுதியான பிறகு வாயைத் திறந்த ஒருவரையும் அவள் இதுவரை பார்த்ததில்லை. திறக்காதவர்களில் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ம்... ம்... சொல்லுங்க... என்ன சார்?... யாரு, நானா?... பயிற்சி குடுக்கறதுக்கா?"

பெரிய டீச்சரின் கண் திறந்தது.

"...உங்க குழுவுலயா... ஆமா, பேச வரும்... எப்ப இருந்து?... கையெழுத்தும் இன்னைக்கேவா?..."

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த மையத்தில் ஒவ்வொருவருக்கும் தனி மேசை உண்டு. தொண்டை கிழியக் கத்த வேண்டாம், சுண்ணக்கட்டித் தூசி இல்லை. மகள் டீச்சர்களுக்கே டீச்சராகிவிட்டாள் என்று அம்மா பொத்தான் வைக்கிற கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். ஒரு கணம் அவள் அந்த ஹாலின் மேடையில் நின்று பார்த்தாள். கையில் மடிக்காத தாள். எதிரே நிஜமான கேள்வி கேட்கிற ஆசிரியர்கள். செய்யலாம். உள்ளே போய்ச் செய்யலாம்.

பெரிய டீச்சர் நாற்காலியில் முன்னால் வந்து, சரி சொல், சரி சொல் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு. எந்தப் பிள்ளைங்கள வச்சு எடுக்கணும்?... அதே பிள்ளைங்களா... ஆமா, மையத்தப் பாக்க வர்றவங்க பெரிய ஆளுங்க, புரியுது... அவங்க எப்ப வர்றாங்க?... ம்... அதுக்கு அவ வரணுமா."

அவள் நாற்காலியை விட்டாள்.

"அப்ப இதுக்குத்தான். நான் மன்னிப்புக் கேட்டா போதாது, போகும்போது அந்தப் பொண்ணையும் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வரணும். ஒரே ஒரு நாள்... தெரியும் சார், வண்டி அனுப்புவீங்க. பிஸ்கட் குடுப்பீங்க. போன தடவயும் குடுத்தீங்க. அவ அந்த உறைய இன்னும் வச்சிருக்கா... இல்ல... இல்ல சார். அனுப்ப மாட்டேன்... பெரிய டீச்சர் சொன்னாலும் அனுப்ப மாட்டேன். அவங்க அப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும், அது அவரு உரிம. என் கிளாஸ்ல இருந்து, என் கையால அனுப்ப மாட்டேன்."

இந்தத் தடவை பெரிய டீச்சர் சைகை எதுவும் காட்டவில்லை. மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பிறகு பழைய இடத்திலேயே வைத்தார்.

"ஏன்னு கேளுங்க... கேளுங்க சார், கோவத்த அப்பறம் படலாம். நேத்து நான் பயிற்சிக்கு வரலல்ல. என்ன செஞ்சேன் தெரியுமா? தாளத் தூக்கிப் போட்டுட்டேன். அது பஸ் அக்கா யோசன. ஒரு பெஞ்சில மூணு பேர உக்கார வச்சேன். இன்னொரு பெஞ்சு, அதே நீளம், அதுல நாலு பேர். அவ்வளவுதான். யாருக்கு இடம் அதிகம்னு நான் கேக்கவே இல்ல. சும்மா உக்காந்து எழுதுங்கன்னு விட்டுட்டேன்... கேளுங்க. உங்க நட்சத்திரம் நாலு பேர் பெஞ்சில நாலாவது. ஓரம். பாதி உடம்பு வெளில. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தா. அப்பறம் எழுந்தா. முன்னால வரல, விரல கன்னத்துல வைக்கல. பக்கத்துப் பெஞ்சக் காட்டி, 'அவங்க மூணு பேர்தானே டீச்சர், அவங்க பங்கு பெருசு, என் பங்கு சின்னது, நான் அங்கதான் உக்காருவேன்'னு சண்டைக்கு வந்துட்டா... ஆமா. சண்டைக்கு. மூஞ்சி செவந்து போச்சு."

அவள் ரிசீவரை மறுபடி வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"என் மூஞ்சிய அவ பாக்கவே இல்ல சார். அதுதான். எதச் சொன்னா எனக்குப் பிடிக்கும்னு பாக்காம சொன்ன முதல் பதில் அது. அவள மறுபடி அந்த மேடையில ஏத்தி, நாலில ஒண்ணுதான் பெருசுன்னு சொல்ல வைக்கணுமா? என்னால முடியாது. அப்படி ஒரு கையெழுத்து எனக்கு வேண்டாம்."

வெளியே மணி அடித்தது. வராந்தா முழுக்கப் பிள்ளைகளின் கால்கள் ஓடின. சாத்திய கதவில் யாரோ மோதிவிட்டுப் போனார்கள்.

"...மன்னிப்பா... கேக்கறேன் சார். அந்தச் சின்னக் குழந்த அழுதுச்சே, அதுகிட்ட கேக்கறேன். நான் முன்னாலயே எழுந்திருக்கணும். அது மூணாவது தடவ சொல்ற வரைக்கும் உக்காந்துட்டேன்... உங்ககிட்டயா? உங்ககிட்ட கேக்க ஒண்ணும் இல்ல... விளக்கம் கேட்டு அனுப்புங்க. எழுதறேன். இப்ப சொன்னதயே எழுதறேன்."

மறுமுனை நீளமாக ஏதோ சொன்னது. அவள் கேட்டுக்கொண்டாள். இடையிடையே ஆமா, ஆமா என்றாள். இந்த ஆமா தலையாட்டுகிற ஆமா இல்லை. வாசலில் நிற்பவர் மூட்டையை இறக்கி வைக்கும்வரை பொறுத்திருப்பது மாதிரியான ஆமா.

"யாரு... நெட்ட சாரா? அவரும் இன்னைக்குப் பயிற்சிக்கு வரலயா... பஸ் அக்காவும் வரலயா. ம்... எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் சார். என் கிளாஸ்ல, கடைசி பெஞ்சில. முட்டி மடங்காம நெட்ட சாரு ஒரு பக்கமா கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வரும்போது பாத்துட்டுத்தான் வந்தேன்... இல்ல, நான் தூண்டிவிடல. நான் வர வேண்டாம்னுதான் சொன்னேன். அக்காதான், உன் வேலைக்கு வந்தா எங்க வேலைக்கும் வரட்டும்னு வந்து உக்காந்துட்டாங்க."

பெரிய டீச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் பள்ளிக்கூடத்திலேயே, அவர் அறையிலிருந்து நான்கு கதவு தள்ளி, இப்படி ஒன்று உட்கார்ந்திருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

"ஆமா சார்... ஆமா... ஆனா நான் முதல்ல கேட்டத நீங்க கடைசி வரைக்கும் பதில் சொல்லல. திரும்பக் கேக்கறேன். வாங்க. எந்த நாள் வேணும்னாலும் வாங்க. பாக்க வர்றவங்களையும் கூட்டிக்கிட்டே வாங்க. சொல்லிட்டு வர வேண்டாம், பிள்ளைங்க மூஞ்சி கழுவ மாட்டாங்க. உங்க பாடம், உங்க முற. தாள் மட்டும் மடிக்காத தாளா கொண்டாங்க. வரலன்னா வராதீங்க. வந்து சொதப்பினா நான் சிரிக்க மாட்டேன் சார், சத்தியமா. நான் தினமும் சொதப்பறேன். ரெண்டு பேரு பாத்துக்கிட்டே இருக்காங்க. செத்துப் போயிடல... சார்?... சார், கேக்குதா?... நான் போகணும் சார். பெல் அடிச்சிருச்சு... இல்ல, மையத்துக்கு இல்ல."

ரிசீவரை அவள் தொலைபேசியின் மேல் வைக்கவில்லை. அது பெரிய டீச்சருடைய தொலைபேசி. அவர் பேச வேண்டியதை அவர் பேசட்டும். மேசை மேல் மெதுவாகப் படுக்க வைத்தாள். உள்ளே குரல் வண்டு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரிய டீச்சரைப் பார்த்தாள்.

"நான் வர்றேன்மா."

அவள் கதவைத் திறந்ததும் வாளிக்காரம்மா சட்டென்று தரையைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த இடம் ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருந்தது.

வராந்தாவில் அவள் பாதி தூரம் போனபோது பின்னாலிருந்து பெரிய டீச்சரின் குரல் கேட்டது. தொலைபேசியில் எப்போதும் வருகிற அதே குரல்தான், பாதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற குரல். ஹலோ சார், ஆமா சார், நான்தான் சார் என்றது. கொஞ்சம் நின்றது. கூப்பிடப் போகிறார் என்று நினைத்துச் சின்ன டீச்சர் நடையை எட்டிப் போட்டாள்.

"இல்ல சார்... கூப்பிட முடியாது சார். கிளாஸுக்குப் போயிட்டா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது கதவுக்குள் நுழைந்தாள். கடைசி பெஞ்சில் நெட்டை சாருக்கும் பஸ் அக்காவுக்கும் நடுவில் மேடைக்காரி நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, உங்க பங்க விட்டுத் தள்ளி வராதீங்க சார் என்று அவரை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தாள்.